காவின் என்ற சொல்லுக்குள் இருக்கும் பணம்

தெமட்டகொடையில் ஒரு கலியாண மண்டபம். அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் ஒவ்வொருவராக வந்து விரிப்பில் உட்காருகிறார்கள். நடுவில் ஒரு குட்டை மேசை, அதன்மேல் அகலமான பதிவுப் புத்தகம். மேசையின் ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் பெண்ணின் வாப்பா, அருகில் சாட்சிகள் இருவர். ரயில் எஞ்சின் கொட்டகைப் பக்கமிருந்து நீண்ட ஊதல் ஒன்று வருகிறது. அது அடங்கும்வரை பொறுத்திருந்த விவாகப் பதிவாளர் பேனையைத் திறந்து கேட்கிறார்: “மஹர் எவ்வளவு?”

வாப்பாவும் மாப்பிள்ளையின் நானாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு தொகை சொல்லப்படுகிறது, எழுதப்படுகிறது. பிறகு வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இன்ன மஹருக்கு என் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன் என்கிறார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்கிறார். துஆ ஓதப்படுகிறது. ஆறு பேருக்கு ஒன்றாகச் சஹன் சோறு வரத் தொடங்குகிறது. மேல்மாடியில் பெண்களோடு இருக்கும் மணப்பெண்ணுக்கு ஒலிபெருக்கி வழியாக இவ்வளவும் கேட்டிருக்கும். கீழே இருக்கும் புத்தகத்தில் அவள் கையொப்பமிட இடமில்லை. அவளுக்காக வலீ, அதாவது பொறுப்பாளரான வாப்பா, ஒப்பமிடுகிறார்.

“காவின் எழுதியாச்சு” என்று ஒருவர் தொலைபேசியில் யாருக்கோ சொல்கிறார்.

இலங்கை முஸ்லிம்களின் பேச்சில் இந்தச் சொல் அன்றாடச் சொல். காவின் மஜ்லிஸ், காவின் எழுதுதல், காவின் துண்டு. காவின் என்றால் என்ன என்று கேட்டால் நிக்காஹ்தான் என்பார்கள், அல்லது பதிவுதான் என்பார்கள். இரண்டும் பிழையில்லை. ஆனால் சொல்லின் உள்ளே இருப்பது சடங்கும் அல்ல, பதிவும் அல்ல. பதிவாளர் கேட்டாரே, அந்தத் தொகைதான் காவின்.

பாரசீக மொழியில் ‘காபீன்’ என்றும் ‘காவீன்’ என்றும் வழங்கும் சொல்லுக்குப் பொருள், திருமணத்தின்போது மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொள்ளும் சொத்து. அரபியில் மஹர் என்பதும் பாரசீகத்தில் காவீன் என்பதும் ஒன்றே. வங்காள முஸ்லிம்கள் திருமண ஒப்பந்தப் பத்திரத்தைக் ‘காபின்நாமா’ என்கிறார்கள். மணக்கொடையை எழுதிய தாள் என்று அதற்கு அர்த்தம். மலாய்க்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், கலியாணம் செய்துகொள்வதையே ‘கஹ்வின்’ என்கிறார்கள். அவர்கள் மொழியில் மஹருக்குப் பெயர் ‘மஸ் கஹ்வின்’. மஸ் என்றால் தங்கம். கொடையின் பெயர் கலியாணத்துக்கே பெயராகிவிட்ட பிறகு, கொடையைக் குறிக்கத் தங்கம் என்ற இன்னொரு சொல்லை முன்னே ஒட்ட வேண்டியிருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொழும்புக்கு வந்த மலாய்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் கொம்பனித்தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் வாயிலும் இந்தச் சொல் இருக்கிறது.

இலங்கைத் தமிழில் பாரசீகச் சொல்லுக்கு என்ன வேலை என்று யாரும் வியக்க வேண்டியதில்லை. பள்ளிவாசலிலிருந்து வரும் தொழுகை அழைப்புக்கு அரபியில் அதான் என்று பெயர். தமிழ் முஸ்லிம்கள் சொல்வது பாங்கு, அது பாரசீகம். தர்கா பாரசீகம். கந்தூரி பாரசீகம். பேஷ் இமாமின் பேஷும் பாரசீகம். மார்க்கம் அரபியில் வந்தது. அதைச் சுமந்து வந்த கடல் வணிகத்தின் பேச்சில் பாரசீகம் நிறையக் கலந்திருந்தது. கேரளத்துக் கொல்லத்தில் கி.பி. 849இல் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் அரபியிலும் பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். கொழும்பு தேசிய நூதனசாலையில் இதைவிட நெருக்கமான சாட்சி நிற்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவந்த கல்வெட்டு அது. 1911இல் காலியில் வடிகாலொன்றை மூடிய பலகைக்கல்லாகக் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். இந்தத் தீவின் முஸ்லிம்களோடு பேசச் சீனப் பேரரசு தேர்ந்த மொழி அரபி அல்ல, பாரசீகம். அந்தக் கல்லைப் பார்த்த பிறகு, காவின் என்ற சொல் கொழும்பில் கேட்பது இயல்பாகவே தோன்றும். நேரே வந்தாலும் மலாய் வழியாக வந்தாலும் அது கிளம்பிய துறைமுகம் ஒன்றுதான்.

சொல்லின் கதை இவ்வளவு. அது குறிக்கும் பொருளின் கதை இன்னும் பழையது.

மஹர் என்ற அரபுச் சொல்லுக்கு எபிரேயத்தில் ஒரு சகோதரி உண்டு, ‘மோஹர்’. பைபிளின் ஆதியாகமத்தில் யாக்கோபின் மகள் தீனாளைக் கேட்டு வந்தவன், எவ்வளவு மோஹர் கேட்டாலும் தருகிறேன் என்று அவளுடைய தகப்பனிடமும் சகோதரரிடமும்தான் சொல்கிறான். பணம் தகப்பனுக்குப் போனது. இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்டிலும் வழக்கம் பெரும்பாலும் அதுவே. பெண்குழந்தை பிறந்த வீட்டுக்கு வந்தவர்கள் தகப்பனுக்குச் சொல்லும் வாழ்த்தொன்றை அரபு அகராதிக்காரர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். உன் மந்தையைப் பெருக்கப் போகிறவள் உனக்கு வாய்த்திருக்கிறாள் என்பது அதன் கருத்து. அவள் வளர்ந்து மணமானால் மஹராக ஒட்டகங்கள் வரும், அவை தகப்பனின் தொழுவத்தில் சேரும். மஹரே இல்லாமல், என் மகளை நீ கட்டு, உன் மகளை நான் கட்டுகிறேன் என்று செய்துகொள்ளும் ‘ஷிகார்’ என்ற ஏற்பாடும் இருந்தது. நம் ஊர்களில் மாற்றுக் கலியாணம் என்பார்களே, அதைப் போன்றது. நபிகள் நாயகம் அதைத் தடுத்தார்கள். பெண்ணே பெண்ணுக்கு விலையாகிவிட்டால் இருவர் கையிலும் ஒன்றும் மிஞ்சாது.

குர்ஆனில் மஹர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நான்காம் அத்தியாயத்தின் நான்காம் வசனம் பயன்படுத்துவது வேறொரு சொல், ஸதுகாத். ‘உண்மை’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. நாம் அறிந்த சதகாவுக்கும் சித்தீக் என்ற பெயருக்கும் அதுதான் வேர். அந்தத் தொகையைப் பெண்களிடமே மனமுவந்து கொடுத்துவிடுங்கள், அவர்களாக விரும்பி அதில் எதையாவது விட்டுக்கொடுத்தால் மட்டும் நீங்கள் அனுபவிக்கலாம் என்பது வசனத்தின் கருத்து. இங்கே மாறியது தொகை அல்ல, வாங்கும் கை. தகப்பனின் தொழுவத்துக்குப் போன ஒட்டகம் மகளின் பெயருக்கு வந்தது. பழைய சொல்லான மஹர் வழக்கில் நிலைத்தது. அதன் உள்ளே இருந்த ஆள் மாறிவிட்டாள்.

இந்த மாற்றம் நடைமுறையில் என்ன செய்தது என்பதை ஆரம்பகால ஆளும் குடும்பங்களின் திருமணங்களில் கண்ணால் காண்பதுபோல் காணலாம். நபிகள் நாயகத்தோடு கதீஜா நாயகியின் திருமணம் வஹீ, அதாவது இறைச்செய்தி, வருவதற்கு முந்தியது, ஏறத்தாழ கி.பி. 595. கணவரை இழந்த வணிகப் பெண்மணி அவர். தம் சரக்கோடு சிரியாவுக்குப் போய்வந்த இளைஞரின் நேர்மையைப் பார்த்து, நஃபீஸா என்ற தோழி வழியாகத் தாமே பேச்சை எடுத்தார். மாப்பிள்ளை தரப்பில் பெரிய தந்தை அபூதாலிப் பேசினார். மஹர் இருபது இளம் ஒட்டகங்கள் என்று இப்னு ஹிஷாம் எழுதுகிறார். உமறுப் புலவர் இந்தத் திருமணத்தைச் சீறாப்புராணத்தில் தமிழ்நாட்டுக் கலியாணம் போலவே கோலாகலமாகப் பாடிவைத்தார். தமிழ் முஸ்லிம் வீடுகளுக்கு அந்த மணமகள் அந்நியப் பெண்ணல்ல.

நபியின் மகள் ஃபாத்திமா நாயகியின் மஹர் ஒரு போர்க்கவசம். பத்ருப் போருக்குப் பிறகு அலீ பெண் கேட்டு வந்தபோது, கொடுப்பதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது என்று நபிகள் நாயகம் கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றார். அந்தக் கவசம் எங்கே என்று கேட்டார்கள். அதை விற்ற பணம் நானூறு திர்ஹம் என்றும் நானூற்றெண்பது என்றும் அறிவிப்புகள் வேறுபடும். அதிலிருந்து நறுமணமும் படுக்கையும் வீட்டுச் சாமான்களும் வாங்கினார்கள். பெண் வீட்டார் கட்டில் மெத்தை அலுமாரி எல்லாம் இறக்கிக் கொடுக்கும் இன்றைய வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால், ஓடிய திசையே வேறு என்பது விளங்கும்.

இவற்றையெல்லாம்விட மஹருக்கும் உறவு அரசியலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது உம்மு ஹபீபாவின் திருமணம். மக்கத்தில் எதிரணியின் தலைவர் அபூசுஃப்யான். அவருடைய மகள் இஸ்லாத்தை ஏற்றுக் கணவரோடு அபிசீனியாவுக்குப் புலம்பெயர்ந்தார். அங்கே கணவர் இறந்துபோனார். தகப்பன் வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. அந்த நிலையில் நபிகள் நாயகம் மதீனாவிலிருந்து பெண் கேட்டு அனுப்பினார்கள். அபிசீனிய மன்னர் நஜாஷியே நிக்காஹை நடத்திவைத்து, மஹரையும் தம் கையிலிருந்து கொடுத்தார்: இப்னு இஸ்ஹாக் சொல்லும் கணக்கு நானூறு தீனார். ஒரு தீனார் நாலேகால் கிராம் தங்கம் என்றால் இன்றைய கணக்கில் இருநூறு பவுணுக்கு மேல். நாடற்று நின்ற ஒரு பெண்ணின் கையில் அவ்வளவு தங்கம். பின்னாளில் அபூசுஃப்யான் சமாதானம் பேச மதீனாவுக்கு வந்து மகளின் வீட்டில் உட்காரப் போனபோது, அவர் விரிப்பை மடித்து எடுத்துவிட்டார். இணைவைப்பவர் உட்காரும் இடமல்ல இது என்றார். அந்தத் தகப்பனின் பிள்ளைகளில் ஒருவர்தான் உமையா கலீபாக்களின் ஆட்சியைத் தொடங்கிய முஆவியா. உம்மு ஹபீபா அவருக்கு ராத்தா, மூத்த சகோதரி.

மஹரைக் குறைவாக வைப்பதுதான் சுன்னத் என்று கொழும்பு நிக்காஹ் சபைகளில் அடிக்கடி கேட்கும். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நபிகள் நாயகம் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் வழக்கமாகப் பன்னிரண்டரை ஊக்கியா, அதாவது ஐந்நூறு திர்ஹம் என்று ஆயிஷா நாயகி சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஐந்நூறு திர்ஹம் என்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு திர்ஹத்துக்கு ஒரு தீனார் மாறியது. தங்கமாகக் கணக்குப் போட்டால் இருபது பவுணுக்கு மேலே வரும். இரும்பு மோதிரமாவது கொண்டுவா என்று சொன்ன நிகழ்ச்சியும் உண்மைதான். ஆனால் அது உடுத்த வேட்டியைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு தோழருக்குச் சொன்னது. வாகனமும் கடையும் உள்ள மாப்பிள்ளைக்கு அந்த மோதிரத்தை எடுத்துக்காட்டுவது நியாயமில்லை.

தொகையைக் குறைக்க ஒரு கலீபாவே முயன்ற கதையும் உண்டு. உமர் 634 முதல் 644 வரை கலீபா. மஹருக்கு உச்சவரம்பு விதிக்கிறேன் என்று மிம்பரில் நின்று சொன்னாராம். ஒரு பெண் எழுந்து, குவியல் பொன்னே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்காதீர்கள் என்று அல்லாஹ் சொல்லியிருக்கும்போது நீர் எப்படி வரம்பு கட்டலாம் என்று கேட்டாள். உமர் தம் சொல்லைத் திரும்பப் பெற்றார். இதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் குறை சொல்வார்கள். ஆனாலும் நூற்றாண்டுகளாக முஸ்லிம் பெண்கள் இந்தக் கதையை விடாமல் சொல்லி வந்திருக்கிறார்கள், அதுவே ஒரு வரலாற்றுச் செய்தி. அதே உமர், அலீயின் மகள் உம்மு குல்ஸூமை மணந்தபோது நாற்பதாயிரம் திர்ஹம் மஹர் கொடுத்தார் என்று ஸுன்னி வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நபியின் பேத்தி அவர். அந்தக் குடும்பத்தோடு உறவாக விரும்பினேன் என்பதே கலீபா சொன்ன காரணம்.

இரண்டு தலைமுறை கழிந்ததும் தொகைகள் வானத்தில் ஏறின. மக்காவிலிருந்து கலீபாவாக ஆண்ட அப்துல்லாஹ் இப்னு ஸுபைரின் தம்பி முஸ்அப், இராக்கின் ஆளுநர். முதல் கலீபா அபூபக்ரின் பேத்தி ஆயிஷா பின்த் தல்ஹாவையும், நபியின் பேரர் ஹுஸைனின் மகள் ஸுகைனாவையும் மணந்தார். ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் திர்ஹம் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஏறத்தாழ மூன்று தொன் வெள்ளி. படைத்தலைவர்கள் பட்டினி கிடக்க ஒரு பெண்ணுக்கு இவ்வளவா என்று ஒரு கவிஞர் அண்ணனுக்கு முறையிட்டு எழுதினார். நபியின் குடும்பம் ஒரு பக்கம், முதல் கலீபாவின் குடும்பம் இன்னொரு பக்கம். இரண்டோடும் சம்பந்தம் செய்துகொண்டவருக்கு ஆட்சி உரிமை பேச வலு கிடைக்கும் என்ற கணக்கு அதில் இருந்தது. 691இல் முஸ்அப் போரில் கொல்லப்பட்டார். ஸுகைனா பிறகு கலீபா உஸ்மானின் பேரர் ஸைதை மணந்தபோது கேட்டது தொகை மட்டுமல்ல, நிபந்தனைகள்: வேறு பெண்ணைத் தொடக்கூடாது, பணத்தைத் தடுக்கக்கூடாது, தான் வெளியே போவதை மறிக்கக்கூடாது.

நிபந்தனை என்பது மஹரின் மறுபாதி. ஒப்பந்தத்தில் தொகை எழுத இடமிருந்தால், சொல்லும் எழுத இடமிருந்தது. அப்பாஸிய வம்சத்தின் முதல் இரண்டு கலீபாக்களின் வீட்டுக் கதைகளை இதற்காகவே படிக்கலாம். முதலாமவர் அபுல் அப்பாஸ் அஸ்ஸஃப்பாஹ். அவர் கையில் ஒன்றுமில்லாத இளைஞராக இருந்தபோது, மக்ஸூம் குலத்துச் செல்வச் சீமாட்டி உம்மு ஸலமா, கணவரை இழந்தவர், அவரைக் கண்டு விரும்பித் தம் பணிப்பெண்ணை அனுப்பிப் பேசச் சொன்னார். என்னிடம் மஹருக்குப் பணமில்லையே என்றார் இளைஞர். அந்தப் பணத்தையும் அவரே கொடுத்தனுப்பியதாக வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதுகிறார். வேறு மனைவியோ அடிமைப் பெண்ணோ கொள்ளமாட்டேன் என்று மாப்பிள்ளை சத்தியம் செய்தார். 750ஆம் ஆண்டளவில் பேரரசே கைக்கு வந்த பிறகும் அந்தச் சத்தியத்தைக் காத்தார்.

அவருக்குப் பின் வந்த அவருடைய சகோதரர் மன்ஸூர், பக்தாத் நகரைக் கட்டியவர். அவருடைய மனைவி அர்வா, யெமன் நாட்டு ஹிம்யர் வம்சத்தவர், உம்மு மூஸா என்று அறியப்பட்டவர். நான் உயிரோடிருக்கும்வரை வேறு மனைவி இல்லை, அடிமைப் பெண்ணும் இல்லை என்று எழுத்தில் வாங்கிச் சாட்சிகளின் ஒப்பமும் வாங்கியிருந்தார். கலீபாவான பிறகு மன்ஸூர் அந்தத் தாளிலிருந்து வெளியேற வழி தேடினார். ஹிஜாஸிலும் இராக்கிலும் இருந்த சட்ட அறிஞர்களுக்கு ஆளனுப்பி ஃபத்வா கேட்டார். ஒவ்வொரு தடவையும் அர்வா முந்திக்கொண்டார். எந்த அறிஞரிடம் கலீபா போகிறார் என்று தெரிந்ததும் அவருக்குப் பெரிய பணமுடிப்பு அனுப்பினார். அர்வா கண்மூடும்வரை அந்தத் தாள் நின்றது. துனீசியாவின் கைரவான் நகரத்தில் மணப்பெண்கள் இதேபோல நிபந்தனை எழுதி வாங்கும் வழக்கம் பல நூற்றாண்டு நீடித்தது. அதை அர்வாவின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். பேரரசன் ஒருவன் தன் கையெழுத்தைத் தாண்ட முடியாமல் நின்றான் என்றால், அந்தக் கையெழுத்தை வாங்கியவளுக்குச் சட்டம் தெரிந்திருந்தது.

மஹரின் இலக்கணத்தில் உறவுமுறைக்கும் ஓர் இடம் உண்டு. தொகை பேசாமலே நிக்காஹ் முடிந்துவிட்டால் ‘மஹர் மித்ல்’ என்பதைக் கணக்கிட வேண்டும், அதாவது அவளைப் போன்ற பெண்களுக்குக் கிடைத்த அளவு. யாரைப் பார்த்து அளப்பது? அவளுடைய சகோதரிகள், வாப்பாவின் சகோதரிகளான மாமிமார், வாப்பா வழிப் பெண்கள். ஆக ஒரு மாமி அன்று வாங்கியது மருமகளுக்கு நாளை அளவுகோலாகிறது. மாமிக்கு எழுதியது நூற்றியொரு ரூபாய் என்றால், அந்த அற்பத் தொகை குடும்பத்தில் தலைமுறை கடந்து நிற்கும்.

இன்னொரு நுணுக்கம் எழுத்தில் இருக்கிறது. உடனே கொடுக்க வேண்டிய மஹருக்கு அரபியில் முஅஜ்ஜல், பிறகு கொடுக்கலாம் என்று தவணை வைத்த மஹருக்கும் முஅஜ்ஜல். முதலாவதில் ‘ஐன்’ என்ற எழுத்து, இரண்டாவதில் ‘ஹம்ஸா’. அரபு வாய்க்கு இரண்டும் வேறு வேறு ஒலி. தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. உடனே என்பதும் பிறகு என்பதும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. நடைமுறையிலும் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் ஆகிவிட்டது: எழுதியது நின்றது, கொடுப்பது தள்ளிப்போனது. ஆனால் கொடுக்காத மஹர் கரைந்துபோவதில்லை. அது கணவனின் கடன். அவன் இறந்தால் வாரிசுகளுக்குப் பங்கு பிரிப்பதற்கு முன் அந்தக் கடனை அடைக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு சட்டம்.

கொழும்பின் கதையில் இங்கே இன்னொரு சொல் குறுக்கிடுகிறது: கைக்கூலி. கூலி பழந்தமிழ்ச் சொல்; வள்ளுவர் ஆள்வினையுடைமையில் பயன்படுத்தியது. கைக்கூலி என்றால் கையில் வாங்கும் கூலி, பிறகு இலஞ்சம், இன்றைய பத்திரிகைத் தமிழில் எதிரியிடம் விலைபோனவன். முஸ்லிம் கலியாணப் பேச்சில் மட்டும் அதற்குத் தனிப் பொருள், பெண் வீட்டார் மாப்பிள்ளை கையில் கொடுக்கும் பணம். தமிழகத்திலும் கைக்கூலி ஒழிப்பு என்று மேடை போட்டுப் பேசுவது இதைத்தான். இலங்கையில் அது சட்டப் புத்தகத்துக்குள்ளேயே ஏறிவிட்டது.

அந்தச் சட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த தொகுப்பை அடிப்படையாக வைத்துப் பிரித்தானியர் 1806இல் சோனகருக்கான சட்டத்தை வெளியிட்டார்கள். 1886இலும் 1929இலும் கட்டளைச் சட்டங்கள் வந்தன. கடைசியாக 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில் அரபுச் சொல்லான மஹரும் தமிழ்ச் சொல்லான கைக்கூலியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கைக்கூலிக்கு அது தரும் வரைவிலக்கணத்தை ஒவ்வொரு வாப்பாவும் ஒருமுறை வாசிக்க வேண்டும்: திருமணத்துக்கு முன்போ திருமணத்தின்போதோ மணப்பெண்ணின் உறவினரோ வேறு யாருமோ, மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கும் அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும் பணமும் அசையும் பொருளும். மணமகளின் உபயோகத்துக்காக. மாப்பிள்ளையின் கை வழியாகப் போனாலும் சட்டத்தின் கண்ணில் பணம் அவளுடையது. கடை வைக்கவோ நானாவின் கடனை அடைக்கவோ கொடுத்ததல்ல.

இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரைத் தனியே பிரித்து, அது வரதட்சணை ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும் பணம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

சீதனம் என்ற சொல்லையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். வடமொழி ‘ஸ்திரீதனம்’ தேய்ந்து சீதனமானது. ஸ்திரீயின் தனம், பெண்ணின் சொத்து. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் அது மகளுக்கே உரிய பங்கு. இன்று சீதனம் எவ்வளவு என்று கேட்பவர் மாப்பிள்ளையின் தாய் தகப்பன். சீதனம், கைக்கூலி, காவின்: ஒன்று வடமொழி, ஒன்று தமிழ், ஒன்று பாரசீகம். மூன்றிலும் பணம் பெண்ணின் பெயரில் இருக்கிறது. மூன்றிலும் அவள் பெயர் மறந்துபோயிருக்கிறது.

கிழக்கிலங்கையில் தாய்வழிக் குடி வைத்து வாழும் முஸ்லிம் ஊர்களில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம், மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வார். காயல்பட்டினத்திலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே போகிறார். வீடு அவள் பெயரில் இருக்கும்வரை அந்த ஏற்பாட்டில் பெண்ணுக்கு ஒரு காப்பு உண்டு. கொழும்பில் நிலம் ஏது? மாளிகாவத்தையிலும் தெமட்டகொடையிலும் இரண்டு அறை தொடர்மாடி வீட்டுக்கே ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும். வீட்டுக்குப் பதில் ரொக்கம் என்று ஆனபோது, அது யார் கைக்குப் போகிறது என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. இலட்சக்கணக்கில் கைக்கூலி கைமாறிய அதே நாளில் மஹர்க் கட்டத்தில் நூற்றியொரு ரூபாயோ ஆயிரத்தொரு ரூபாயோ எழுதப்படுவதும் உண்டு. அந்தத் தொகை மஹரின் பெயரைத் தாங்கத் தகுதியற்றது. இதைச் சொல்வது யாரையும் புண்படுத்த அல்ல. ஃபாத்திமா நாயகியின் கவசத்தைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த சமூகம் இது.

1951ஆம் ஆண்டின் விவாகச் சட்டத்தைத் திருத்தும் பேச்சும் நீண்டது. நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது, அதுவும் இரண்டு அணியாகப் பிரிந்து. சட்டத்தின்படி முஸ்லிம் விவாக வழக்குகளைக் கேட்கும் காதி நீதிபதி ஆணாகவே இருக்க வேண்டும். முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் கேட்பவற்றில் ஒன்று மிகச் சின்னது: பதிவுப் புத்தகத்தில் மணமகள் கையொப்பமிட ஒரு கோடு. அர்வா பின்னாளில் கலீபாவானவரிடமே எழுத்தில் வாங்கினார் என்பதை நினைத்தால் இந்தக் கோரிக்கை புதுமையும் அல்ல, மேற்கிலிருந்து வந்ததும் அல்ல.

தெமட்டகொடை மண்டபத்தின் மேல்மாடியில் ஒலிபெருக்கி நின்றதும் முதலில் வாய் திறக்கிறவர் மணப்பெண்ணின் மாமி.

“மஹர் எவ்வளவு சொன்ன?”

ராத்தா சொல்கிறாள். மாமி தலையாட்டுகிறார். தன்னுடைய காவினில் ஐந்நூற்றியொரு ரூபாய் எழுதினதாகவும், அது வந்ததா இல்லையா என்று இத்தனை வருடம் கேட்கவே இல்லை என்றும் சொல்கிறார். பெண்கள் சிரிக்கிறார்கள். மணப்பெண் சிரிக்கவில்லை. மருதாணி காய்ந்த கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “அது இன்னும் கடன்தானே மாமி, இப்பவும் கேக்கலாம்” என்கிறாள்.

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. கீழேயிருந்து சஹன் ஏறி வருகிறது, மூடியைத் திறந்ததும் ஆவி எழுகிறது. கை கழுவப் போகும்போது மாமி தன் மகளைக் கூப்பிட்டு, வீட்டு அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் இருக்கும் காவின் துண்டை நாளைக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்.